பெனங்கலானுக்கு ஒரு கட்டு முள்

சாயங்காலம் ஆனால் எங்கள் வரிசையில் புகை வாசம் வந்துவிடும். எங்கள் வீட்டுச் சாம்பிராணி, நாங்கள் சின்னம்மா முறையில் மக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்கார ரொக்கையா கொசுவுக்காகப் போடும் தேங்காய் மட்டைப் புகை, கோடி வீட்டுச் சீன ஆன்டி ஏற்றும் ஊதுவத்தி எல்லாம் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறும் அந்த நேரத்தில்தான், கிள்ளான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டைக்கால்கள் மேல் நின்ற எங்கள் பலகை வீடுகளில் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவார்கள். வீட்டுக்கு ஒரு பேய் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதுதான் அதில் விசேஷம். சீன ஆன்டி தங்கள் ஏழாம் மாதத்தில் பசித்த ஆவிகள் திரியும் என்பார். மக்சிக்கிடம் தோயோல் இருந்தது. அது திருட்டுக்கு ஏவிவிடப்படும் மொட்டைத் தலைக் குட்டிப் பேய். எங்களுக்கு முனியாண்டி, வெள்ளைக் குதிரையில், சுருட்டு வாசத்தோடு. பிள்ளைகள் நாங்கள் இவர்களையெல்லாம் கோலிக்குண்டு போல மாற்றிக்கொள்வோம். "எங்க முனி உங்க தோயோல குதிரையால மிதிச்சிடும் லா" என்று நான் சொன்னால், மக்சிக்கின் மகள் சீத்தி கொஞ்சமும் அசராமல், "அது சின்னது, குதிரைக்கு அடியில பூந்து ஓடிடும்" என்பாள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அம்மா கர்ப்பமாக இருந்தார். அதற்கு முன்னால் ஒரு தம்பி ஏழாம் மாதத்திலேயே பிறந்து, பேர் வைப்பதற்குள் போய்விட்டான். அதனால் இந்த முறை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சந்தோஷப்படவில்லை. அப்பா துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவர், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். ஆகவே அப்பாவின் அக்கா, என் அத்தை, பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு துணைக்கு வந்து இறங்கினார். அத்தை பேய் விஷயத்தில் டாக்டர் மாதிரி. யாராவது காய்ச்சல் என்று வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கமாட்டார், "எந்த மரத்தடியில நின்ன?" என்றுதான் முதலில் கேட்பார்.

அம்மாவுக்கு ஏழாம் மாதம் பிறந்த வாரத்தில் ஒரு காலை, அவர் படுக்கும் அறையின் ஜன்னலில் நீளநீளமான தாழை ஓலைகள், ஓரமெல்லாம் முள்ளோடு, நீல ராஃபியா கயிற்றில் கட்டித் தொங்கின. அத்தைதான் முதலில் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "செய்வினைடி இது. தாழம்பூ சிவனுக்கே ஆகாது. அதோட ஓலைய, அதுவும் முள்ளோட, புள்ளத்தாச்சி தலைமாட்டுல எவ கட்டுவா?" என்றார். கையால் தொடாமல் துடைப்பக் கட்டையால் அதை இழுத்துப் போட்டு, உப்பும் காய்ந்த மிளகாயும் தூவி, கொல்லையில் வைத்துக் கொளுத்தினார். மிளகாய் நெடியில் எல்லாரும் இருமினோம். வேலிக்கு அந்தப் பக்கம் மக்சிக் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எரிவது என்னவென்று பார்த்தவர், கையிலிருந்த சாரோங்கை உதறாமலேயே கூடையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். "பாத்தியா, மூஞ்சி மாறுச்சு" என்றார் அத்தை. அவருக்கு அது போதும், வழக்கு முடிந்தது.

அன்றைக்கே ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து, குங்குமம் தடவி, வேலி ஓரத்தில் இந்தக் கோடியில் ஒரு மூடியும் அந்தக் கோடியில் ஒரு மூடியுமாக வைத்தார். சிவப்புத் தடவிய பழத்தைத் தன் வாசலுக்கு நேராகப் பார்த்த மக்சிக் என்ன நினைத்திருப்பார் என்று சொல்லவா வேண்டும். மறுநாள் முதல் சீத்தி எங்கள் பக்கம் விளையாட வரவில்லை. வேலிக்கு மேலே தட்டு போவதும் வருவதும் நின்றுபோனது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரு வழக்கம் உண்டு, அடுத்த வீட்டுத் தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது. அவர்கள் பலகாரம் அனுப்பினால் அந்தத் தட்டிலேயே நாங்கள் வடையோ பாயசமோ வைத்து அனுப்ப வேண்டும். மக்சிக்கின் பூப்போட்ட தட்டு ஒன்று எங்கள் அடுப்படியில் மாட்டிக்கொண்டது. அம்மா அதைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தார், சோறு இறங்கவில்லை. கிளினிக்கில் நர்ஸ் பிரஷர் ஏறியிருக்கிறது என்று சொல்லி, இப்படியே போனால் பிள்ளைக்கு நல்லதில்லை என்று எச்சரித்து அனுப்பினார். "போன தடவ என் கையப் புடிச்சிட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தவங்க அவங்க. அவங்களா எனக்குச் செய்வாங்க?" என்று கீரை ஆய்ந்துகொண்டே அம்மா கேட்டதற்கு, "கூட இருக்கிறவங்கதான் செய்வாங்க" என்று அத்தை பதில் சொன்னார்.

அம்மா அந்தக் கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். பூப்போட்ட தட்டில் காலையில் செய்த உப்புமாவை அள்ளி வைத்துக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தார். "போகாதடி, போகாதடி" என்று பின்னாலேயே அத்தை, அவருக்குப் பின்னால் நான். மக்சிக் வாசல் படியில் நின்றார். அம்மா அவரை மலாய்க்காரர்கள் அக்காவைக் கூப்பிடுவது போல 'காக்' என்றுதான் கூப்பிடுவார்.

"காக், என் ஜன்னல்ல முள்ள நீங்களா கட்டுனீங்க?"

மக்சிக் அம்மாவின் வயிற்றைத்தான் பார்த்தார். எங்கள் வரிசைப் பெண்களோடு பேசிப் பேசியே தமிழ் பழகியவர் அவர். "நான்தான் கட்டுனது. பெனங்கலான் இருக்குல்ல, தலை மட்டும் பறந்து வரும், கீழ குடல் தொங்கும், புள்ள பொறக்குற வீட்டத்தான் மோப்பம் புடிக்கும். முள்ளு இருந்தா குடல் மாட்டிக்கும்னு அதுக்குப் பயம். போன தடவ நான் கட்டல. இந்து ஆளுங்க வீடு, கோவிச்சுக்குவாங்கன்னு உட்டுட்டேன். உன் புள்ள போச்சு. அந்த ஜன்னலப் பாத்தா எனக்குத் தூக்கம் இல்ல லா."

அம்மா படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். உப்புமா கொட்டிவிடும் என்று மக்சிக் முதலில் தட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த அத்தை, "குடல் எம்புட்டு நீளம் இருக்கும்?" என்று கேட்டார். மக்சிக் மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார். "அப்ப ஜன்னலுக்கு மட்டும் கட்டுனா எப்படி? பலகை இடுக்கு வழியா வராதா?" அது நியாயமான கேள்வி என்று மக்சிக்கும் ஒப்புக்கொண்டார், வீட்டுக்கு அடியிலும் போட வேண்டும் என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "அந்த எலுமிச்சம்பழம்?" என்று இழுத்தார். அத்தை கண்ணை இமைக்காமல், "அது பொதுவா வெச்சது, உங்க வீட்டுக்கும் சேத்து" என்றார்.

அப்புறம் இரண்டு பேருமாகக் கத்தி எடுத்துக்கொண்டு சதுப்புப் பக்கம் போய், கையெல்லாம் கீறிக்கொண்டு முள் வெட்டி வந்தார்கள். முள்ளுக்குப் பக்கத்தில் வேப்பிலை, அதற்கும் மேலே சீன ஆன்டி கொண்டுவந்து ஒட்டிய சிவப்புத் தாள் என்று எங்கள் ஜன்னலில் வெளிச்சம் வர இடமில்லாமல் போனது. மாதம் நிறைந்து, ஆஸ்பத்திரியில் தங்கை பிறந்து, நல்லபடியாக வீட்டுக்கு வந்தாள். பெனங்கலான் வந்ததோ இல்லையோ, பிள்ளையைப் பார்க்க வந்த நர்ஸின் சட்டைக் கைதான் முள்ளில் மாட்டிக் கிழிந்தது.

இப்போது அந்த வரிசை இல்லை, சதுப்பு இல்லை, மேலே நெடுஞ்சாலை போகிறது. அத்தை காலமாகிவிட்டார். மக்சிக் குடும்பம் வடக்கே கெடா மாநிலத்துப் பக்கம் போனதோடு தொடர்பு விட்டுப்போயிற்று. என் பிள்ளைகளுக்குப் பெனங்கலானைத் தெரியும், கைப்பேசியில் பார்த்துச் சிரிக்கிறார்கள். பேய்கள் அங்கே பத்திரமாகத்தான் இருக்கின்றன. அடுத்த வீட்டுப் பிள்ளைக்காக அவற்றுக்குப் பயந்த ஆட்களைத்தான் காணோம்.

தங்கைக்குப் போன மாதம் குழந்தை பிறந்தது. ஸ்ரீ கெம்பாங்கானில் பதினோராவது மாடி. குழந்தை வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், எந்த வீட்டுக் குழந்தை இப்படி அழுகிறது, கொஞ்சம் கவனிக்கக்கூடாதா என்று குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். அம்மா என்னை அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பாவம், தூக்கம் கெட்டிருக்கும்" என்று சொல்லி கேசரி கிளற ஆரம்பித்தார். "இங்க யாரும் இப்படிப் பெல் அடிக்கமாட்டாங்கம்மா" என்று தங்கை சொன்னது, கிண்ணத்தோடு பக்கத்து வீடுகளுக்குக் கிளம்பிவிட்ட அவர் காதில் விழவில்லை. முதல் வீட்டில் யாரும் வரவில்லை. இரண்டாவது வீட்டில் நாய் குரைத்தது. மூன்றாவது கதவு சங்கிலி அளவுக்குத் திறந்து, ஒரு சீனப் பெண்ணின் பாதி முகம் தெரிந்தது. அம்மா கேசரிக் கிண்ணத்தை நீட்டி, மலாயில், "அழுறது எங்க புள்ளதான், வந்து பாக்குறியா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் கிண்ணத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். சங்கிலி கழலும் சத்தம் கேட்டது.