நாலாவது வரி

போன வாரம் ஒரு கல்லூரியில் ராப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். தமிழ் டீச்சருக்கும் ராப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் சிரிக்கலாம்; நானும் சிரித்துக்கொண்டேதான் போனேன். மேடையில் ஒரு மாணவி எங்கள் கடற்கரைப் பேச்சிலேயே படபடவென்று பாடினாள். நடுவில் 'எனக்க தள்ள' என்று வந்தது. எங்கள் பக்கம் எனக்க என்றால் என்னுடைய, தள்ள என்றால் அம்மா. அரங்கம் முழுக்க விசில். பக்கத்திலிருந்த நடுவர், "ஆகா, மண்வாசனை டீச்சர்!" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாசனையாம்! அந்த வாசனைக்காகத்தான் மெர்லினுடைய அம்மாவை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

மெர்லின் என் கல்லூரித் தோழி. வட்டக்கோட்டைக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரி. அவளுடைய அண்ணன் மஸ்கட்டிலிருந்து அனுப்பும் பெட்டியைத் திறந்தால் சோப்பு வாசனை மூக்கைத் துளைக்கும். ஒருமுறை சோப்புகளுக்கு நடுவில் ஒரு கேசட் கிடந்தது. அமெரிக்கக் கறுப்பினப் பையன்கள் பாடிய ராப். தொண்ணூறுகளில் எங்களுக்கு அந்தப் பெயரே புதிது. விடுதி அறையில் நாடா தேயும்வரை கேட்டோம். என்னுடைய ஆங்கிலத்துக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. மெர்லினுக்கு மட்டும் எல்லாம் புரிந்தது.

"ஏட்டி, இவனுவ யாரையோ ஏசுகானுவ. இதுக்கு அர்த்தம் வேற தெரியணுமா?"

பஸ் விஷயம் அந்த மாதம்தான் நடந்தது. அஞ்சுகிராமத்துக்கு மீன்கூடையோடு போன அவள் அம்மாவை, நாற்றம் தாங்கவில்லை என்று கண்டக்டர் பாதிவழியில் இறக்கிவிட்டார். உள்ளே இருந்த ஒருவர்கூட வாய் திறக்கவில்லையாம். மிச்ச தூரத்தைக் கூடையோடு நடந்திருக்கிறார். அன்று மெர்லின் அந்தக் கேசட்டின் தாளத்திலேயே ஏச ஆரம்பித்தாள். நான் நோட்டில் எழுதினேன்.

'கடப்புறத்துல பெறந்த புள்ள,
கூடைக்குள்ள மீனு கொள்ள,
கண்டக்டருக்கு நாத்தம் தொல்ல...'

நாலாவது வரி 'தள்ள' என்று முடியும்.

கல்லூரி விழாவுக்குப் பெயர் கொடுத்தோம். பாட்டைப் படித்த விரிவுரையாளர் அந்தக் கடைசிச் சொல்லில் விரலை வைத்தார். "இதென்ன, ஆடு மாட்டுக்குச் சொல்ற மாதிரி? நல்ல தமிழ்ல எழுதிட்டு வாங்க." மெர்லின் பாடவே மாட்டேன் என்றாள். நான்தான் பெரிய புலவராயிற்றே! சிவப்பு மையால் அந்த வரியை அடித்துவிட்டு, 'அன்னையே உன்னை வணங்குகிறேன்' என்று எழுதிக் கொடுத்தேன். கெஞ்சிக் கூத்தாடி அவளைச் சம்மதிக்கவும் வைத்தேன். அந்த விரிவுரையாளர் மேல் எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் அவர் விரலைத்தான் வைத்தார், அடித்தவள் நான்.

மேடையில் மூன்று வரியையும் பொரிந்து தள்ளினாள். நாலாவதில் தாளம் தடுக்கி விழுந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. மெர்லின் மைக்கை வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

கடைசி வரிசையில் அவள் அம்மா இருந்தார். மீன் வாடை வரக் கூடாதென்று மஸ்கட் சோப்பு தேய்த்துக் குளித்து வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்டக்டரு வரைக்கும் எனக்கப் பாட்டுதான் மக்கா. பெறவு மாதா பாட்டு ஆயிட்டே?" என்றார். அவருக்கு அன்னை என்றால் கோயிலில் இருக்கும் மாதாதான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். கண்டக்டர் ரோட்டில் இறக்கிவிட்டார், நான் பாட்டிலிருந்தே இறக்கிவிட்டேன்.

அந்த அம்மா இப்போது இல்லை. விடுதியை இடித்துவிட்டார்கள். கேசட் எங்கே போனதோ தெரியாது.

போட்டி முடிந்து வந்ததும் பரணிலிருந்து பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். பாவி, எவ்வளவு அழுத்தி அடித்திருக்கிறேன்! வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. அந்த வரியில் மெர்லினின் தள்ள கண்டக்டரை ஏசினாரா, திரும்ப பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாரா? எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

மெர்லின் குவைத்தில் நர்ஸாக இருக்கிறாள். கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு சரி, மற்றபடி பேசுவதில்லை. வெட்கத்தைவிட்டு போன் செய்து கேட்டேன்.

"நீங்க எழுதித் தந்ததுதான் ஓர்மையிருக்கு" என்றாள். ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லியும் காட்டினாள்:

"அன்னையே உன்னை வணங்குகிறேன்."