நான்காவது கூடாரம்

மலையூரான கோலா தெர்லாவில் அண்ணனுக்கு மூன்று பிளாஸ்டிக் கூடாரங்கள். மூன்றிலும் சாலட் கீரை. சொட்டுநீர்க் குழாய்களை அமைத்துக் கொடுத்தவள் நான். படித்த பொறியியலுக்கு இதுவரை கிடைத்த வேலை அதுதான்.

முதல் கூடாரம் போட்டபோது மழையில் அழுகாத கீரை அக்கம்பக்கத்தில் எங்களிடம் மட்டுமே இருந்தது. போட்ட பணம் சீக்கிரம் திரும்பியது. அடுத்து எல்லோரும் கூடாரம் போட்டார்கள், விலை இறங்கியது. பழைய வருமானத்தைப் பிடிக்க இரண்டாவது, பிறகு மூன்றாவது. உரம், பம்பு, ஆள்கூலி எல்லாம் கூடின. கையில் நிற்பது கூடவில்லை.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கு இது வேடிக்கை. எந்தத் துரையோ நட்ட செடி இன்னும் துளிர்க்கிறது, உங்கள் கூடாரமோ கைக்குழந்தை மாதிரி எப்போதும் அழுகிறது என்பார்.

பயிரை வேகமாகச் சுழற்றினால் சரியாகும் என்று அண்ணன் நம்பினான். காலையில் அறுத்த பாத்தியில் மாலையே நாற்று வைத்தோம், பொங்கலன்றும். அதுவும் போதாமல், வருடத்துக்கு ஓர் அறுவடை கூடட்டும் என்று முதிராத கீரையை அறுத்தான். எடை இல்லை. லாரி கோலாலம்பூர் போவதற்குள் வாடிவிட்டது. மொத்தமாக வாங்கும் சீன முதலாளியான தவுக்கே, இரண்டாம் தரம் என்று ஒதுக்கினார்.

அதை ஈடுகட்ட நான்காவது கூடாரம் வேண்டுமாம். பணத்துக்கு என் சேமிப்பைக் கேட்டான். ஈப்போ நகரில் வீடு எடுத்து வேலை தேட வைத்திருந்தது அது.

"நாலு இருந்தா மொத்தத்துல கையில கூடுதலா நிக்கும்லா," என்றான்.

"நிக்கும் அண்ணே. போட்ட காசுக்குப் பாத்தா கொறச்சல்தான்."

"படிச்சவ பேச்சு."

விலை நம் கையில் இல்லை, நில உரிமம் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது, கீரை தன் நாளில்தான் முதிரும். மூன்றையும் சொல்லிவிட்டு, முதல் கூடாரத்தின் மஞ்சளித்த பிளாஸ்டிக்கை மாற்ற மட்டும் என் சேமிப்பில் பாதி தருகிறேன் என்றேன். நான்காவதை விட்டுவிட்டு, அந்த வாரமே அவன் பிளாஸ்டிக் சுருளை வாங்கி வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் புது பிளாஸ்டிக்கை இழுத்துக் கட்டினோம். அவன் மேலே, நான் கீழே கயிற்றோடு.

"எத்தன வருஷம் தாங்கும்?" என்று கேட்டான்.

"மூணு. அதுக்குள்ள அடுத்ததுக்குக் காசு கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வை."

"நீ இருக்க மாட்டியா?"

மீதிப் பணத்துக்கு வீடு கிடைக்காது. "ஈப்போல ஒரு ரூம் பாத்துட்டேன் அண்ணே," என்றேன்.

ரொம்ப இறுக்கினால் கிழிந்துவிடும் என்று, அவன் கயிற்றை இன்னும் கொஞ்சம் தளர்த்தச் சொன்னான்.