லவீனியாவின் இடது கன்னம்

ஆரின் விட்கம் என்பவரின் மலையூரில் குளிர் எப்படியென்றால், பூனை எழுந்து போன பிறகும் அதன் நிழல் சுவரோடு உறைந்து நிற்கும். நம்பாதவர்கள் ஜனவரியில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் வீட்டு நடுவில் இரும்பு விறகடுப்பு ஒன்று கனன்றுகொண்டே இருக்கும். பார்வை போன பிறகு மனைவி லவீனியாவுக்கு அதுதான் திசை. இடது கன்னம் சுட்டால் நேரே சமையலறை. முதுகு சுட்டால் எதிரே படுக்கையறை. கைத்தடியை அவர் தொட்டதேயில்லை.

பக்கத்து வீட்டு டெல்ஃபினுக்குப் புகை ஆகாது. இருமி இருமி வெறுத்துப்போய், விறகடுப்பே கூடாதென்று ஊர்க்கூட்டத்தில் தடை கேட்டிருந்தார். அதே சமயம் மாநிலச் சட்டசபைக்கு ஒரு மசோதா வந்தது: வீட்டை எதால் சூடாக்குவது என்பது வீட்டுக்காரர் இஷ்டம், எந்த ஊரும் தடுக்கக் கூடாது. அதைப் பற்றிப் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் அங்கே போய்ப் பேசலாம். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத ஆரின் கிளம்பிவிட்டார்.

வெளியூர் போனால் அடுப்பைப் பக்கத்து வீட்டில் ஒப்படைப்பது அங்கே வழக்கம். சண்டையென்று அடுத்த வீட்டை விட்டுவிட்டு வேறு வீட்டில் போய்க் கேட்டால் அதுதான் பெரிய அவமானம்.

"உங்க தடைக்கு எதிராப் பேசத்தான் போறேன். அதுவரைக்கும் அடுப்பைப் பாத்துக்கணும்."

"கொழுப்புதான் உங்களுக்கு," என்றார் டெல்ஃபின். "எப்ப வரணும்?"

சட்டசபையில் ஒலிவாங்கி முன்னால் ஆரினுக்கு யோசித்து வைத்ததெல்லாம் பறந்துபோயிற்று. "என் பொஞ்சாதிக்கு அதுதாங்க கண்ணு," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வீட்டிலோ டெல்ஃபின் காயாத விறகைப் போட, அடுப்பு அணைந்தது. தேநீர் போட எழுந்த லவீனியா, கோட்டு மாட்டும் அலமாரிக்குள் போய் நின்றார். "யாரோ நிறையப் பேர் நிக்கறாங்க போலிருக்கே," என்று சட்டைக் கைகளைத் தடவிச் சிரித்தார். ஆனால் வெளியே வர வழி தெரியவில்லை. டெல்ஃபின் அவர் கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

ஆரின் திரும்பியபோது டெல்ஃபின் மண்டியிட்டு, இருமலோடு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"பச்சை விறகை நீங்களும் போடறதுண்டா?"

"அவசரத்துக்கு..." என்று இழுத்தார் ஆரின்.

"அப்ப அந்தப் புகைக்கும் என் இருமலுக்கும் நீங்கதான் காரணம். இனிமே காஞ்சது மட்டும்."

மறுவாரமே டெல்ஃபின் தடைக் கோரிக்கையை விலக்கிக்கொண்டார். பனி உருகுவதற்குள் சட்டமும் நிறைவேறியது. தன் வீட்டில் அவர் மின்சாரச் சூடுதான் வைத்துக்கொண்டார். அது அவர் இஷ்டம்.

பனிப்புயலில் மின்சாரம் போனால் மட்டும் ஆரின் வீட்டு விறகடுப்பருகே வந்து உட்காருவார். லவீனியா கன்னத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "கொஞ்சம் தள்ளி உக்காருங்க டெல்ஃபின். என் சமையலறையை மறைக்கறீங்க."