சுவர் நிறைய இத்தாலி, கூட்டத்தில் நான்

வீட்டுச் சுவரில் மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலி பாணியில் படம் வரைவது என் பிழைப்பு. பம்பாயில் இதற்குப் பெயர் பெயிண்டிங் வேலை, கதவுக்கு வார்னிஷ் அடிப்பதற்கும் அதே பெயர்தான். இத்தாலியிலும் முதலில் அப்படித்தான் இருந்ததாம். தச்சர், கொத்தனாரோடு ஓவியரும் ஒரே வரிசை. கம்பளி வியாபாரத்தில் செழித்தவர்கள் வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் படம் கேட்கப்போய், வரைந்தவர்களுக்கும் மெல்ல ஒரு பெயர் வந்தது. எனக்கும் அந்த ஒரே ஆசைதான்: நான் வரைந்த சுவரின் மூலையில் என் பெயர் இருக்க வேண்டும். உழைப்பு நமது, பெயர் மேனேஜருடையது என்று ஆபீஸில் பல்லைக் கடிக்கும் உங்களுக்கு இது புரியும்.

சிறகு முளைத்த குழந்தைகள்

மாட்டுங்காவில் ஒரு மாமி. ஹால் கூரையில் மேகமும் சிறகு முளைத்த குழந்தைகளும் வேண்டும் என்றார். சாரத்தில் மல்லாந்து படுத்து, கழுத்து பிடித்துக்கொள்ள வரைந்து முடித்தேன். மனித உடம்பை உள்ளபடி பார்த்து வரைந்ததுதான் அந்தக் காலத்தின் பெரிய துணிச்சல் என்று விளக்கினேன். மாமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எல்லாம் சரிம்மா, கொழந்தைகள் ஏசிக்கு நேரா இருக்கே, ஆளுக்கு ஒரு ஜட்டியாவது போட்டுவிடேன். மூலையிலே உன் பேரை எழுதியிருக்கியே, அதை அழிச்சுடு. அங்கதான் வயர் வரும்."

எல்லாக் கோடும் சேரும் இடம்

தாராவியில் தையல் பட்டறை வைத்திருக்கும் செல்வம் அண்ணனுக்கு வீடு ஒரே அறை. அது பெரிதாகத் தெரிய வேண்டும் என்றார். தட்டைச் சுவரில் ஆழம் காட்டுவதை இத்தாலிக்காரர்கள் கணக்குப் போட்டே கண்டுபிடித்தார்கள். தூண், தரை, உத்தரம் எல்லாக் கோடும் தூரத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். வரைந்து முடித்தபோது அறைக்குப் பின்னால் ஒரு அரண்மனைத் தாழ்வாரமே திறந்துகொண்டது. எனக்கே புல்லரித்தது.

கீழ் மூலையில் பெயர் எழுதலாமா என்று கேட்டேன். அங்கே கேஸ் சிலிண்டர் வருமாம். அண்ணன் வெகுநேரம் பார்த்துவிட்டு அந்தப் புள்ளியில் விரலை வைத்தார். "ஏம்மா, எல்லாக் கோடும் இங்கனதான வந்து முட்டுது? அப்ப டிவிய இதுலயே மாட்டிருதேன்."

முட்டி போடுவது

தோல்பை வியாபாரி முருகேசன் அண்ணாச்சி செம்பூரில் ஃப்ளாட் வாங்கி, ஹால் சுவர் முழுக்க மகள் கல்யாணத்தை இத்தாலி பாணியில் வரையச் சொன்னார். அந்தக் கால வியாபாரிகள் தாங்கள் வரையச் சொன்ன படத்தின் ஓரத்தில் முட்டி போட்டுக் கும்பிட்டபடி இருப்பார்கள், உங்களையும் அப்படி வைக்கட்டுமா என்றேன். மனுஷன் முகம் கறுத்துவிட்டது. "பொண்ணப் பெத்தவன் ஏற்கெனவே முட்டி போட்டுத்தாம்மா நிக்கான். அத செவத்துல வேற காட்டணுமா? வேணும்னா சம்பந்திய முட்டி போடச் சொல்லு."

நாதஸ்வரக்காரருக்குப் பின்னால்

அந்த வீட்டில் நான் பெயர் எழுதக் கேட்கவே இல்லை. இத்தாலி ஓவியர்கள் சிலர் படத்தின் கூட்டத்துக்குள் தங்கள் முகத்தை நுழைத்துவிடுவார்கள். நானும் நாதஸ்வரக்காரருக்குப் பின்னால், பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக, பார்ப்பவரை நேராகப் பார்க்கும்படி என்னை வரைந்தேன். சந்தோஷத்தில் இரண்டு நாள் தூக்கமில்லை.

பால் காய்ச்சிய அன்று இரண்டு வீட்டாரும் சுவர் முன் கூடி ஒவ்வொரு முகமாக அடையாளம் கண்டார்கள். என் முகத்தில் விரல் நின்றது. "இது மாப்பிள்ள வீட்டுப் பிள்ளயா?" என்றார் அண்ணாச்சியின் மனைவி. "எங்க பக்கம் இல்லியே, உங்காளுன்னுல்லா நெனச்சோம்" என்றார் சம்பந்தியம்மா. அந்த முகத்துக்குச் சொந்தக்காரி பெயிண்ட் படிந்த சுடிதாரோடு பக்கத்திலேயே நிற்கிறேன்; ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சிரிப்பும் வந்தது. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா பெயிண்டரு, யாரு எவருன்னே தெரியாத பிள்ளய எதுக்குப் போட்ட? அத எடுத்துட்டு என் மச்சானப் போடு. அவன விட்டுட்டோம்னு சாப்பிடாமப் போயிட்டான்."

பூவை அழித்து, புடவையைச் சட்டையாக்கி, என் முகத்துக்கு மீசை மட்டும் வைத்தேன். தன் சாயல் அப்படியே வந்திருக்கிறது என்று மச்சான் இன்றுவரை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்.