படப்பைக்கு அப்பால், குட்டி பிறந்த கொட்டகைக்கு

"ஆடு குட்டி போட்டுடுச்சு" என்று தம்பியிடமிருந்து செய்தி வந்ததால்தான் இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். ஆட்டுக்குட்டிக்கா இவ்வளவு அலட்டல் என்று கேட்காதீர்கள். என் தம்பி டேனியல் கால்நடை மருத்துவன். புருசெல்லோசிஸ் என்கிற கன்றுவீச்சு நோய்க்குப் புதுத் தடுப்பூசி உருவாக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. அந்த நோய் வந்தால் ஆடு மாடுகளுக்குச் சினை கலைந்துவிடும். மனிதருக்கும் தொற்றும். ஓர் ஆட்டுக்குப் பிரசவம் பார்க்கப்போய் இவனுக்கே தொற்றி, மாதக்கணக்கில் காய்ச்சலும் இடுப்பு வலியுமாகக் கிடந்தான்.

தடுப்பூசி போட்ட ஆடு சினையானதும் அந்தக் கிருமியையே அதற்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். குட்டி உயிரோடு பிறந்தால் ஊசி காப்பாற்றியது என்று அர்த்தம். அதுவரை ஒரு குட்டிகூட உயிரோடு பிறக்கவில்லை. எனக்கு ஒரே குஷி.

குரோம்பேட்டையில் அரைக் கிலோ மைசூர்பாக்கு வாங்கிக்கொண்டு, எட்டரைக்கு மேற்குத் தாம்பரத்தில் பேருந்து பிடித்தேன். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். படப்பை பதின்மூன்று கிலோமீட்டர்தான். முடிச்சூர் நெரிசல் புண்ணியத்தில் ஐம்பது நிமிடம். அங்கிருந்து ஆட்டோ நூற்றிருபது ரூபாய்.

"இன்னாக்கா, ஸ்வீட்டு டப்பாவோட போறீங்க, விசேஷமா?" என்றார் ஓட்டுநர்.

"ஆட்டுக்குட்டி பொறந்திருக்குண்ணா."

"அதுக்கா ஸ்வீட்டு? நல்லா கீதே!"

ஆய்வுக்கூடத்துக்குள் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. எதிரே இருந்த டீக்கடையில் காத்திருந்தேன். தம்பி தலை ஈரம் சொட்ட வந்தான். கொட்டகையை விட்டு வெளியே வர ஒவ்வொரு முறையும் குளித்தாக வேண்டும். போனில் வீடியோ காட்டினான். கறுப்புக் குட்டி, கால் தடுமாறி எழுந்து மடியை முட்டியது.

"அப்புறம் ஏன்டா மூஞ்சி இப்படி இருக்கு?"

"திங்கக்கிழமை ரெண்டையும் முடிச்சிடணும்க்கா."

எனக்குப் புரியவில்லை. அவனே சொன்னான். "குட்டி நல்லா பொறந்தா மட்டும் போதாது. கிருமி மண்ணீரல்லயோ மடியிலயோ ஒளிஞ்சிருக்கலாம். அறுத்துப் பாத்தாதான் தெரியும்."

"என்கிட்ட குடுடா. மாடியில கட்டி வளக்கறேன்."

"கிருமி இருந்தா உன் பசங்களுக்கு வரும்க்கா. நான் பட்டது போதாதா?"

"சரி, அதை நீதான் செய்யணுமா? வேற ஆளே இல்லையா?"

"எங்கிட்டதான் அந்த ஆடு பயப்படாம நிக்கும்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் அவனையே திட்டித் தீர்த்தேன். மைசூர்பாக்கைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: எட்டு மணிக்கு முன்பே கிளம்பிவிட்டால் முடிச்சூரில் மாட்ட மாட்டீர்கள். திரும்பி வர ஆட்டோ கிடைப்பது கஷ்டம்; போன ஆட்டோவையே நிறுத்தி வையுங்கள். ஆடு மாடு வளர்ப்பவர்கள் நஞ்சுக்கொடியை வெறும் கையால் தொடாதீர்கள். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். இவ்வளவு செலவழித்துப் போய் நான் கற்றுக்கொண்டது இதுதான். ஊசி மருந்துச் சீசாவை இப்போதெல்லாம் சும்மா பார்க்க முடிவதில்லை.

மூன்று வாரம் கழித்துத் தம்பி கூப்பிட்டான்.

"ரிசல்ட் வந்துடுச்சுக்கா. தாய்கிட்டயும் ஒண்ணுமில்ல, குட்டிகிட்டயும் ஒண்ணுமில்ல. ரெண்டும் சுத்தம்."

"அப்ப ஊசி வேலை செய்யுதுடா!"

"ஆமாக்கா."

பிறகு அவனே, "நீ கேட்ட அன்னைக்கே உங்கிட்ட குடுத்திருக்கலாம்க்கா" என்றான்.