மாமா வாங்கிய வால்வு மூடிகள்

சைக்கிள் டயரில் காற்றடிக்கிற வால்வுக்கு மேல் ஒரு குட்டி மூடி இருக்குமே, அது தேவையா இல்லையா என்று எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதம் கொஞ்சநஞ்சமல்ல. என் கல்யாணத்துக்கு எந்த மண்டபம் என்பதற்குக்கூட அவ்வளவு பேச்சு நடக்கவில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கி, வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தார். அவருக்கென்று சைக்கிள் கிடையாது. ஆனால் என் சைக்கிள் மேல் திடீரென்று அவருக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் சிவப்பு நிறத்தில் இரண்டு மூடிகளோடு வந்தார்.

"மூடி இல்லாட்டி மண்ணு போவும், மழைத் தண்ணி போவும். அப்புறம் வால்வே கெட்டுடும்" என்றார்.

அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "காத்தப் பிடிச்சி வெக்கிறது வால்வு, மாப்ள. மூடி இல்ல. தண்டச் செலவு."

இரண்டு பேரும் சொன்னது சரிதான் என்று இப்போது தெரிகிறது. மூடி இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். போட்டால் மண் சேராது. அவ்வளவுதான் விஷயம். அன்றைக்கு நான் மாமா கட்சி. ஏனென்றால் மூடி சிவப்பாக இருந்தது.

கொஞ்ச நாளில் இரண்டும் காணாமல் போயின. மாமா மறுபடி வாங்கி வந்தார், பகடைக்காய் வடிவத்தில். அதுவும் போனது. அடுத்து, சக்கரம் சுற்றினால் மினுக்கும் விளக்கு மூடி. தெருப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அதையும் காணோம். "எல்லாம் பௌர்ணமிக் கூட்டத்து வேலை" என்று மாமா பல்லைக் கடித்தார். எங்கள் ஊரில் அது ஒரு வசதி. செருப்பு, குடை, கொடியில் காயப்போட்ட துண்டு, எது தொலைந்தாலும் பழியைக் கிரிவலம் வந்தவர்கள் தலையில் போட்டுவிடலாம். அவர்கள் மலையைச் சுற்றிவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவார்கள், திரும்பி வந்து சண்டையா போடப்போகிறார்கள்?

அப்பாவுக்கு வேறு கவலை. "இன்னைக்கு மூடிய எடுத்தவன் நாளைக்கு சைக்கிளயே எடுப்பான். இன்னொரு வாட்டி காணாப்போச்சுன்னா சைக்கிள வித்துடுவேன். ஷேர் ஆட்டோல போயிக்கோ" என்று சொல்லிவிட்டார். ஷேர் ஆட்டோவில் சின்னப் பிள்ளைகளுக்கு இடமே கிடையாது. யார் மடியிலாவது உட்கார வேண்டும், அவர்களுடைய காய்கறிப் பை நம் மடியில் உட்காரும்.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. விளக்கு மூடி காணாமல் போனது அமாவாசை அன்று. அமாவாசைக்கு ஏது அவ்வளவு கூட்டம்? மாமா பச்சை மூடி மாட்டிக் கொடுத்ததும், மறுநாள் காலையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காவல் இருந்தேன். வேலைக்குக் கிளம்பிய மாமா சைக்கிள் பக்கத்தில் குந்தினார். இப்படியும் அப்படியும் பார்த்தார். மூடிகளைத் திருகி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விசில் அடித்தபடி போய்விட்டார்.

அடப்பாவி மாமா!

அவர் பெட்டியைத் துழாவினால், உள்ளே ஒரு கர்சீப் மூட்டை. சிவப்பு, பகடை, விளக்கு எல்லாம் பத்திரமாக இருந்தன. அப்பாவிடம் சொன்னால் சைக்கிள் பிழைக்கும், மாமாவின் மானம் போய்விடும். எனக்கு மாமா என்றால் உயிர். இது ஏதோ வியாதி, மூடியைக் கண்டால் அவரால் வாங்காமல் இருக்க முடியவில்லை என்று முடிவு கட்டினேன். அன்றைக்குத் தப்பிக்கச் சிவப்பு மூடிகளைச் சைக்கிளில் மாட்டினேன். மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு, மாமா வழக்கமாக வாங்கும் தேரடித் தெரு சைக்கிள் சாமான் கடைக்கு மிதித்தேன். கல்லாவில் கடைக்காரரின் மகள் இருந்தார், காலேஜ் முடித்த அக்கா. கர்சீப்பை அவர் முன்னால் அவிழ்த்தேன்.

"இதெல்லாம் எங்க மாமா உங்ககிட்ட வாங்குனதுக்கா. அவரே மாட்டறாரு, அவரே கழட்டிடறாரு, மறுபடி வந்து வாங்கறாரு. இனிமே அவருக்குக் குடுக்காதீங்கக்கா. எங்கப்பா என் சைக்கிள வித்துடுவாரு."

அக்கா கர்சீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். தோள் குலுங்கியது. அழவைத்துவிட்டேனோ என்று பயந்து போனேன். திரும்பியபோது முகமெல்லாம் சிவந்திருந்தது.

"சத்தியமா இனிமே விக்க மாட்டேன். உன் சைக்கிளுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். "உங்க மாமாகிட்ட மட்டும் ஒண்ணு சொல்லு. எதுவும் வாங்க வேணாம், சும்மாவே வரலாம்னு சொல்லு."

சாயங்காலம் மாமா தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓடிப் போனேன். கெட்ட செய்தி சொல்லும்போது பெரியவர்கள் செய்வது போல அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். மாமா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"திருப்பிச் சொல்லு" என்றார். சொன்னேன். "அப்படியேவா சொன்னாங்க?" என்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். மனுஷன் உடைந்து போய்விட்டார் என்று நினைத்தேன்.

"கவலப்படாதீங்க மாமா. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இன்னொரு கடை இருக்குது. அங்க ஒண்ணே ஒண்ணு வாங்கிக்கலாம்."

மாமா என்னைத் தூக்கி நடுத்தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். வீட்டுக்குள் ஓடி முகம் கழுவினார், பவுடர் போட்டார், அம்மா நீட்டிய டீயைக் கையில்கூட வாங்காமல் கிளம்பிவிட்டார். ஒன்றுமே விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்ட கடைக்கு எதற்கு இந்த மனுஷன் இப்படித் தலை சீவிக்கொண்டு ஓடுகிறார் என்று எனக்குப் புரியவே இல்லை.