வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

நாவிதன்வெளிப் பக்கத்து வாய்க்காலில் கடைசி வயல் கச்சிமுகம்மதுவுடையது. கடைசி வயல்காரன் பிழைப்பெல்லாம் ஒரு பிழைப்பா? மலையடியில் ஆற்றை மறித்து நிற்கும் பெரிய மண் அணையில் மின்சாரத்துக்கென்று தண்ணீரை ஓடவிட்டால், அதே தண்ணீர்தான் கீழே வாய்க்காலுக்கும் வரும். மேலே உள்ளவர்களெல்லாம் எடுத்த மிச்சம்தான் இவருக்கு.

எண்பத்தைந்தாம் ஆண்டுக் கோடைச் சிறுபோகத்தில் அணையே வற்றிக் கிடந்தது. ஆடி பிறந்தபோது பயிரோ குடலைப் பருவம். இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் கதிர் தள்ளும், இல்லாவிட்டால் மாட்டுக்குத்தான். மகள் சுஹறாவுக்குக் கட்டிய வீடு கூரையில்லாமல் நின்றது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் ஏது? அறுவடை வரைக்கும்தான் பொறுப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

பக்கத்து வயல் நேசராசாவுடையது. கல்முனை வேதக்காரர், கிறிஸ்தவர். வெள்ளிக்கிழமை கச்சிமுகம்மது ஜும்ஆத் தொழுகைக்குப் போனால் நேசராசா இரண்டு வயலையும் பார்ப்பார். ஞாயிறு நேசராசா கோயிலுக்குப் போனால் கச்சிமுகம்மது பார்ப்பார். வாய்க்கால் பள்ளம். தண்ணீர் வரும்போது குறுக்கே மண் வெட்டிப் போட்டு மறித்தால்தான் வயலுக்கு ஏறும். ஆகவே ஆள் நின்றே ஆகவேண்டும். வருசக்கணக்காக இந்த ஏற்பாடு பிசகியதில்லை.

அந்த வருசச் சித்திரையில் வந்த தமிழர்-முஸ்லிம் கலவரம் எல்லாவற்றையும் கெடுத்தது. "தமிழனையா வயல் பாக்க விடுற?" என்று ஊரில் நாலு பேர் முகத்துக்கு நேரே கேட்டார்கள். மனிதருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே வரம்புக்குப் போனார்.

"நேசம், இனி என்ட பக்கம் மண்வெட்டி போடாத. காலும் வைக்காத."

"ஆரு சொல்லித் தந்த கதை மச்சான் இது?"

"ஆரும் சொல்லித் தரல்ல. நான்தான் சொல்றன்."

நேசராசா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

ஆடியில் அணை திறந்தது. இதுதான் கடைசித் தண்ணீர், இனி மாரிக்குத்தான் என்று அறிவித்தார்கள். வியாழன் முழுக்கக் கச்சிமுகம்மது வரம்பில் காத்துக் கிடந்தார். தண்ணீர் வரவில்லை. வெள்ளி பகல் குத்பாப் பிரசங்கத்துக்கு நேரமாகிவிட்டது என்று பள்ளிக்கு ஓடினார். அட மனிசா, ஆளில்லாமல் விட்டுப் போகலாமா? யாரை நிறுத்துவது? ஊரில் இருந்த ஆண்களெல்லாம் பள்ளிவாசலில்.

திரும்பி வந்தபோது வாய்க்கால் கரையில் ஈரமும் நுரையும். வந்த தண்ணீர் அவர் வயலைத் தொடாமலே வடிச்சலில் இறங்கிப் போய்விட்டது. நேசராசா தன் வரம்பில் நின்றிருந்தார்.

"வந்திச்சா?"

"வந்திச்சி. நல்லா வந்திச்சி." மண்வெட்டியைக் கீழே போட்டார். "கையில மண்வெட்டியோடதான் நிண்டன் மச்சான். கால் வைக்காதெண்டு நீ சொன்ன. வச்சா உன்ட ஆக்கள் என்ன செய்வாங்களோ எண்டு பயமா இருந்திச்சி."

கச்சிமுகம்மது எந்த முகத்தோடு அவரைத் திட்டுவது? அப்படியே வரம்பில் குந்திவிட்டார்.

அந்திக்கு வீட்டுக்கு வந்தவரை மனைவி ஸாலிஹா வேலிப் படலையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி வந்திச்சா?"

"இல்ல."

"அந்த அணைக்காரனுகள் நாசமாப் போவானுகள்! என்ட புள்ளட வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டானுகளே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் கூரையில்லாத வீட்டு வாசலில் சுஹறா அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓம், அணைக்காரனுகள்தான்" என்றார் கச்சிமுகம்மது.